ஏற்றினால் மணக்காத மெழுகுவர்த்தி

வாசகி கேள்வி: மயிலாடுதுறைக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வளைகாப்பு, நிச்சயதார்த்தம் போன்ற விசேஷங்களில் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுப்பதற்காக வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்து தருகிறேன். சோயா மெழுகை அடுப்பில் காய்ச்சி, கொதிக்கும்போதே மல்லிகை வாசனை எண்ணெய் விட்டு, வாயகலம் ஏழரை சென்டிமீட்டர் உள்ள கண்ணாடிக் குவளைகளிலும், குயவரிடம் வாங்கும் மண் கிண்ணங்களிலும் ஊற்றுகிறேன். திரி, வேளாங்கண்ணிக் கடைகளுக்கு மெழுகுவர்த்தி வார்த்துக் கொடுப்பவரிடம் கண்டாக வாங்குவது. மாலையில் ஊற்றி மறுநாள் கொடுத்துவிடுவேன். மூடியைத் திறந்தால் நன்றாக மணக்கிறது. ஏற்றினால் கூடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எங்களுடையது முற்றம் வைத்த பழைய வீடு. அரைக் கிலோ மெழுகுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள், இப்போது ஐந்து விடுகிறேன். மணம் கூடவில்லை, மேலே எண்ணெய் முத்து முத்தாக வேர்க்கிறது. மாமியார் சொன்னபடி மல்லிகைப் பூவைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துக் கலந்தும் பார்த்துவிட்டேன். தீபாவளிக்கு ஆர்டர் வாங்கியிருக்கிறேன். எங்கே பிழை?

பதில்:

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

மூடியைத் திறந்தால் மணக்கிறது, ஏற்றினால் மணக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். ஏற்றாத மெழுகுவர்த்தியின் மணமும் எரிகிற மெழுகுவர்த்தியின் மணமும் வெவ்வேறு வழியில் பிறப்பவை. ஏற்றாமல் மூடி வைத்திருக்கும்போது, மேற்பரப்பில் உள்ள எண்ணெய் சிறிது சிறிதாக ஆவியாகி மூடிக்கும் மெழுகுக்கும் இடையில் அடைபட்டுக் கிடந்து, திறந்தவுடன் ஒரேயடியாக மூக்கில் ஏறுகிறது. எரியும்போது நடப்பது வேறு. சுடரின் சூட்டில் அதைச் சுற்றி மெழுகு உருகித் தேங்குகிறது. அந்தத் தேக்கத்தின் பரப்பிலிருந்து ஆவியாகி எழும் எண்ணெய்தான் அறைக்குள் பரவுகிறது. திரி வழியாகச் சுடருக்குள் ஏறிப் போகிற எண்ணெய் மெழுகோடு சேர்ந்து எரிந்துபோய்விடும். அதனால் அறைக்கு மணம் ஏதும் கிடைப்பதில்லை. ஆகவே எரிகிற மெழுகுவர்த்தி எவ்வளவு மணக்கும் என்பது அந்தத் தேக்கம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது. இம்மூன்றையும் தீர்மானிப்பது திரி.

உங்கள் திரியைப் பற்றித்தான் எனக்கு முதல் சந்தேகம். வேளாங்கண்ணியில் நேர்த்திக்கு ஏற்றும் மெழுகுவர்த்திகள் பெரும்பாலும் விரல் பருமனில் நீண்டு இருப்பவை, பாரஃபினில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகில், வார்க்கப்படுபவை. பாரஃபின் உருகினால் தண்ணீர்போல் இளகித் திரியில் எளிதாக ஏறும். சுடர் உருக்க வேண்டிய சுற்றளவும் சிறியது. அந்த வேலைக்கு அந்த மெல்லிய திரி மிகச் சரியானது. அதே திரியை ஏழரை சென்டிமீட்டர் அகலமுள்ள குவளையில், உருகினாலும் சற்றே கெட்டியாக நிற்கிற சோயா மெழுகின் நடுவில் நட்டால், அகல் விளக்கை வைத்துக் கல்யாண அண்டாவைக் காய்ச்சுகிற கதையாகத்தான் முடியும். திரியைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு குழி மட்டும் உருகும். ஓரத்து மெழுகு கடைசிவரை அசையாமல் நிற்கும். சுடர் நாளுக்கு நாள் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் கீழே போகும். நீங்கள் ஊற்றிய எண்ணெயில் பெரும்பகுதி உருகாத அந்த ஓரத்து மெழுகிலேயே தங்கிவிடுகிறது. மூடியைத் திறந்தால் மணப்பதும், ஏற்றினால் மணக்காததும் இதனால்தான்.

இதை ஊகமாக விட்டுவிடாமல் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். கைவசம் இருக்கும் கண்ணாடிக் குவளை மெழுகுவர்த்தி ஒன்றை, மின்விசிறி இல்லாத சிறிய அறையில், சமதளமான இடத்தில் வைத்து, கூடவே இருந்து, தொடர்ந்து மூன்று மணி நேரம் எரிய விடுங்கள். குவளையின் அகலத்தில் ஒவ்வோர் இரண்டரை சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது எங்கள் தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் குவளைக்கு அது மூன்று மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தின் முடிவில் தேக்கம் விளிம்பைத் தொட்டிருக்க வேண்டும், அல்லது விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய வளையம் மட்டுமே மீதி இருக்க வேண்டும். ஆழம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்க வேண்டும். பிறகு சுடரை ஊதாமல், ஒரு சிறு கம்பியால் திரியைத் தேக்கத்துக்குள் சாய்த்து அணைத்து உடனே நிமிர்த்திவிட்டு, புகை வாடை போனதும் குவளைக்கு மேலே முகர்ந்து பாருங்கள். தேக்கம் நன்றாக மணந்து அறை மணக்காமல் இருந்தால், குறை தேக்கத்தின் அகலத்திலோ அறையின் காற்றோட்டத்திலோ இருக்கிறது. தேக்கமே மணக்கவில்லை என்றால் எண்ணெயில் குறை. எந்தத் திருத்தத்தையும் இந்த ஒரு சோதனைக்குப் பிறகே செய்யுங்கள்.

திரி வாங்கும்போது ஒரே விற்பனையாளரிடம், சோயா மெழுகுக்கும் உங்கள் குவளையின் அகலத்துக்கும் ஏற்றது என்று கேட்டு, அடுத்தடுத்த மூன்று பருமன்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். ஒருவர் கொடுக்கும் எண்ணும் இன்னொருவர் கொடுக்கும் எண்ணும் ஒத்துப்போவதில்லை என்பதால் கடை மாற்றிக் கலந்து வாங்க வேண்டாம். பின்னல் போட்டு, மெழுகில் தோய்த்து விறைப்பாக்கி, அடியில் தகர வில்லை பொருத்தி வருகிற திரிதான் உங்களுக்குத் தேவை. கோயிலுக்கு வாங்கும் பஞ்சுத் திரி எண்ணெய் விளக்குக்கு உரியது. அதற்குப் பின்னல் இல்லாததால் மெழுகை ஒரே சீராக இழுக்காது, சாய்ந்து விழுந்து கருகும். மூன்று பருமனிலும் ஒவ்வொன்று ஊற்றி, மற்றதெல்லாம் ஒரே அளவில் வைத்து, மேலே சொன்ன மூன்று மணி நேரச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு மணி நேரத்திலேயே முழுப் பரப்பும் உருகி, சுடர் நீண்டு ஆடி, திரியின் நுனியில் காளான்போல் கரி கட்டி, குவளையின் வாயில் கருமை படிந்தால், அந்தத் திரி மிகப் பெரியது. பெரிய திரியும் மணத்தைக் குறைக்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தேக்கம் அளவுக்கு மீறிச் சூடேறி எண்ணெய் முதல் ஓரிரு முறையிலேயே பறந்துபோய்விடும். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியை ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்க வேண்டும். தாம்பூலப் பையில் வைக்கும் சீட்டில் இதையும், முதல் முறை மூன்று மணி நேரமாவது எரிய விட வேண்டும் என்பதையும் இரண்டு வரியில் அச்சிட்டுக் கொடுங்கள். பத்து நிமிடம் ஏற்றி அணைக்கிறவர் கையில் எந்த மெழுகுவர்த்தியும் மணக்காது.

இனி எண்ணெயின் அளவு. ஒரு மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர் என்று கொண்டால், நீங்கள் முதலில் விட்ட இரண்டு கரண்டி ஏறத்தாழ 30 கிராம். அரைக் கிலோ மெழுகுக்கு அது 6 சதவீதம். குறையே சொல்ல முடியாத அளவு அது. சோயா மெழுகுக்கு 6 முதல் 10 சதவீதம் வரை வழக்கம். அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்பது மெழுகுக்கு மெழுகு மாறும் என்பதால், மெழுகை விற்றவர் கொடுக்கும் உச்ச அளவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் விடும் ஐந்து கரண்டி 75 கிராம், அதாவது 15 சதவீதம். மெழுகு தன்னால் பிடித்து வைக்க முடிந்ததைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுகிறது. மேலே முத்து முத்தாக நிற்பது அதுதான். டெல்டாவின் வெயில் அதை இன்னும் கூட்டும். இதில் மணம் கூடாததோடு ஆபத்தும் இருக்கிறது. அதிக எண்ணெய் திரியை அடைத்துச் சுடரைச் சிறுக்க வைக்கும். மேலே தேங்கிய எண்ணெயில் தீ பற்றினால் பரப்பு முழுவதும் ஒன்றாக எரியவும் கூடும். அப்படி நேர்ந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோக மூடியால் மூடிவிட வேண்டும். வேர்த்திருக்கும் மெழுகுவர்த்திகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். அவற்றை என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

கரண்டியை இன்றோடு விட்டுவிடுங்கள். நகைக்கடைத் தராசு போன்ற நுட்பம் தேவையில்லை; ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். வாசனை எண்ணெய்களில் சில தண்ணீரைவிட இலேசானவை, சில கனமானவை; கரண்டிக் கணக்கில் ஒரு முறை சரியாக வந்தது அடுத்த எண்ணெய்க்கு வராது. சரியான திரியோடு 7 சதவீதத்தில், அதாவது அரைக் கிலோவுக்கு 35 கிராமில், தொடங்குங்கள்.

சூட்டைப் பற்றி. மெழுகை நேரடியாக எரிவாயு அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் சிறிய பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். தெர்மாமீட்டர் 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் காட்டும்போது அடுப்பிலிருந்து இறக்கி, பாத்திரத்தின் அடியைத் துடைத்து, எண்ணெயை விட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். மெழுகு கொதிக்கிறது என்று நீங்கள் சொல்வது, அடிப்பாத்திரம் மிகவும் சூடாகிவிட்டதன் அடையாளம்; அந்தச் சூட்டில் எண்ணெயை விட்டு அடுப்பிலேயே வைத்திருந்தால், மல்லிகையின் மேல்மணம் சமையலறையிலேயே தீர்ந்துவிடும். எதிர்ப்புறத்துப் பிழையும் உண்டு: எண்ணெய்ப் புட்டியில் அச்சிட்டிருக்கும் தீப்பற்று வெப்பநிலையைப் பார்த்து, அதற்கு மேல் போனால் மணம் அழிந்துவிடும் என்று பயந்து, மெழுகு உறையத் தொடங்கும் நேரத்தில் எண்ணெய் விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண், எண்ணெயின் ஆவியில் பொறி பட்டால் தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை. கிடங்கில் வைப்பதற்கும் லாரியில் ஏற்றுவதற்கும் உரிய பாதுகாப்புக் குறிப்பு. மெழுகு ஆறிய பிறகு எண்ணெய் விட்டால் அது சரியாகக் கலக்காமல் ஆங்காங்கே திட்டாக நிற்கும். கலந்தபின் 55 முதல் 60 டிகிரிக்கு ஆற விட்டு ஊற்றலாம். உங்கள் மெழுகுக்கென்று விற்பவர் வேறு எண் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

மாலையில் ஊற்றி மறுநாள் கொடுத்துவிடுவதை நிறுத்த வேண்டும். சோயா மெழுகு தொட்டால் கெட்டியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் இறுகிய பிறகும் அதன் படிக அமைப்பு பல நாட்களுக்கு மெல்ல மாறிக்கொண்டிருக்கும். மூடி போட்டு, வெயில் படாத அலமாரியில் இரண்டு வாரம் வைத்து எடுத்த மெழுகுவர்த்திக்கும், மறுநாளே ஏற்றியதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் ஒரே தொகுதியில் இரண்டை ஒதுக்கி வைத்து எளிதாகக் கண்டுகொள்ளலாம். பாரஃபினுக்கு இரண்டு மூன்று நாள் போதும். அவசர ஆர்டர்களுக்குப் பாரஃபின் கலந்த மெழுகை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், இயற்கை மெழுகு என்று சொல்லி விற்காதவரை. தீபாவளி ஐப்பசியில் வருவதால், ஆர்டர் முழுவதையும் புரட்டாசியிலேயே ஊற்றி முடிக்கும்படி திட்டமிடுங்கள். திரிச் சோதனைகளுக்கு ஆவணியை விட்டுவைப்பது நல்லது.

எண்ணெயின் தரத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் அதிகம் இல்லை. மூடியைத் திறந்தால் மணக்கிறது என்பதால் அது முற்றிலும் போலியாக இருக்க முடியாது. ஆனால் கடைத்தெருவில் மல்லிகை என்று கிடைப்பவை பல வகை: ஊதுபத்திக்காகக் கலந்தவை, துணியில் பூசும் செண்ட்டுகள், அறையில் தெளிக்கும் தண்ணீர்க் கலவைகள், மெழுகுவர்த்திக்கென்றே செய்தவை. கடைசி வகை மட்டுமே உங்களுக்கு உதவும். சந்தேகம் இருந்தால், உருகிய தெளிவான மெழுகைச் சிறிய கண்ணாடிக் குவளையில் எடுத்து, சில துளி எண்ணெய் விட்டுக் கிளறி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தெளிவாகக் கரைந்துவிட்டால் நல்லது. அடியில் குண்டுமணிபோல் உருளும் துளிகள் தெரிந்தாலோ, கலங்கி இரண்டாகப் பிரிந்தாலோ, அதில் மெழுகோடு சேராத கரைப்பான் இருக்கிறது. பன்னீர் சேர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தண்ணீர் எதுவாயினும் மெழுகில் சேராது, சுடரில் வெடித்துத் தெறிக்கும்.

மாமியார் சொன்ன வழியை அவர் மனம் கோணாமல் நிறுத்திவிடுவது உங்கள் பொறுப்பு. பூ ஊறிய தேங்காய் எண்ணெய் தலைக்குத் தேய்க்க நன்றாக மணக்கும். மூக்குக்கு அருகில், உடல் சூட்டில், கொஞ்ச மணமே போதும். ஓர் அறையை நிரப்ப அந்த எண்ணெயில் உள்ள மணப்பொருள் போதவே போதாது. மல்லிகையின் செறிவான சாற்றை ஒரு கிலோ எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும் என்பதையும், சூடு பட்டால் கெடுகிற மணம் என்பதால் அதைக் கரைப்பான் கொண்டே பிரிக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், இரண்டு முழம் பூவை ஊறவைப்பதில் என்ன கிடைக்கும் என்பது புரியும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே இளகிவிடுவது. மார்கழி, தை விடியற்காலைகளைத் தவிர நம் பக்கத்தில் ஆண்டு முழுவதும் நீராகவே இருக்கும். அதைக் கலந்தால் மெழுகு குழைந்து வேர்க்கும். காய்ந்த மல்லிகைப் பூவை மேலே தூவுவதும் வேண்டாம். தேக்கத்தில் மிதந்து திரியோடு சேர்ந்து தீப்பிடிக்கும். மல்லிகை தவிர வேறு மணம் வேண்டுமென்றால் மருக்கொழுந்து நம் ஊர் மூக்குக்குப் பிடிக்கும். வெட்டிவேர் எண்ணெய் மட்டும் தனியாக வேண்டாம். அது கனமான, மெதுவாக ஆவியாகும் எண்ணெய். குவளைக்கு அருகில் குனிந்தால் அருமையாக இருக்கும், நான்கு அடி தள்ளி நின்றால் தெரியாது. இலேசான இன்னொரு மணத்தோடு சேர்த்தால் பயன் தரும்.

மண் கிண்ணங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மெருகு பூசாத சுட்ட மண் எண்ணெயை உறிஞ்சும். ஊற்றி நான்கைந்து நாள் ஆன கிண்ணம் ஒன்றைப் பழைய செய்தித்தாள் மீது ஒரு பகல் வைத்து எடுங்கள். அடியில் வட்டமாக எண்ணெய்க் கறை இருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மணம் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். எண்ணெயும் மெழுகும் ஊறிய மண் சுவரே திரியாக மாறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விற்பனைக்கு அதை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன். மண்ணின் அழகு வாடிக்கையாளர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால், கிண்ணத்துக்குள் சரியாக உட்காரும் சிறிய கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதை மண் கிண்ணத்தில் இறக்கி வைத்துக் கொடுங்கள். கண்ணாடி, சூடு தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பித்தளைக் கிண்ணம் உறிஞ்சாது. ஆனால் வேகமாகச் சூடேறுவதால் அதற்குத் திரியைத் தனியாகச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முற்றம் வைத்த வீடு என்று எழுதியிருந்தீர்கள். கூடமும் முற்றமும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீட்டில், சூடான காற்று மேலெழுந்து வானத்தைப் பார்த்துப் போய்விடும். எத்தனை நல்ல மெழுகுவர்த்தியும் அங்கே தோற்றுப்போகும். உங்கள் சோதனைகளைக் கதவு உள்ள பத்துக்குப் பத்து அறையில் செய்யுங்கள். வாங்குகிறவரிடமும் கூடம் முழுவதும் மணக்கும் என்று சொல்லாமல், படுக்கையறைக்கோ பூஜை அறைக்கோ ஏற்றது என்று சொல்லி விற்றால் குறை வராது. இன்னொன்று, மணம் இருக்கிறதா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பகல் முழுவதும் அந்த எண்ணெயோடு இருந்த மூக்கு அதற்குப் பழகிவிடும். மெழுகுவர்த்தி ஒரு மணி நேரம் எரிந்தபின், வெளியிலிருந்து வருகிற ஒருவரை, என்ன மணம் என்று முன்கூட்டிச் சொல்லாமல், அறைக்குள் அழைத்துக் கேளுங்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள், உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

வேர்த்திருக்கும் மெழுகுவர்த்திகளுக்கு வருகிறேன். கண்ணாடிக் குவளைகளில் உள்ளவற்றை, தேங்காய் எண்ணெய் கலக்காதவை மட்டும், வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி உருக்கி, பழைய திரிகளை எடுத்துவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அரைக் கிலோ மெழுகும் 75 கிராம் எண்ணெயும் சேர்ந்த ஒரு தொகுதியோடு மேலும் அரைக் கிலோ புதிய மெழுகைச் சேர்த்தால், ஒரு கிலோ மெழுகுக்கு 75 கிராம், அதாவது 7.5 சதவீதம் என்று வந்துவிடும். புதிதாக எண்ணெய் விட வேண்டியதில்லை. சோதித்துத் தேர்ந்த திரியை நட்டு ஊற்றி, இரண்டு வாரம் வைத்திருந்து, ஒன்றை ஏற்றிப் பார்த்த பிறகே மற்றவற்றைக் கொடுங்கள். மறுபடி உருக்கியதால் மணம் ஒரு படி குறைந்திருந்தால் அவற்றைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். தேங்காய் எண்ணெய் கலந்தவற்றையும் மண் கிண்ணத்தில் ஊற்றியவற்றையும் விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த மெழுகைப் புதிய தொகுதியில் சேர்க்கவும் வேண்டாம்.